கேமரா பிடித்த கை

ஊர்த் திருவிழாவில் எடுத்த பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் அவற்றில் இருப்பார்கள்; அப்பா மட்டும் இருக்கமாட்டார். படம் எடுத்தவர் அவர் அன்றோ! இந்த எளிய உண்மை ஒரு வீடியோ விளையாட்டின் மூலமாகத்தான் எங்களுக்கு விளங்கிற்று என்றால் அன்புத் தோழியர் சிரிக்கக்கூடும். ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் அக்காள் தங்கையர் இருவர். கடந்த மே விடுமுறையில் எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த பெரியம்மா மகன், "பிள்ளைகள் வீட்டோடு இருக்கட்டும்" என்று தம்முடைய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியை எங்களிடம் விட்டுச் சென்றார். ஆளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று அப்பா கட்டளையிட்டார். அந்தக் கருவியின் கைப்பிடி இரண்டாகப் பிரியக்கூடியது. ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டால் இருவருமே முழுதாக ஒரு மணி நேரம் விளையாடலாம் அல்லவா? எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். மூத்தவள் இடப்பாதியை எடுத்துக்கொண்டாள். நடப்பதும் ஓடுவதும் அவள் பொறுப்பு. இளையவளுக்கு வலப்பாதி, கேமராவைத் திருப்புவதும் குதிப்பதும் அவள் பொறுப்பு.

நாங்கள் ஆடியது சூப்பர் மாரியோ 64 என்னும் விளையாட்டு. ஷிகேரு மியாமோட்டோ என்பவரின் தலைமையில் உருவாகி, 1996-இல் ஜப்பானில் வெளிவந்தது. 2020-இல் வேறு இரண்டு மாரியோ விளையாட்டுகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாக மறுபடியும் வெளியிட்டார்கள். அண்ணன் வைத்திருந்தது அந்தத் தொகுப்புதான்.

கேமரா என்று சொன்னோமே, விளையாட்டின் உள்ளே உண்மையில் கேமரா எதுவும் இல்லை. எந்த இடத்திலிருந்து, எந்தத் திசையில் பார்ப்பது என்பதைக் கருவி கணக்கிட்டு, நொடிக்கு முப்பது முறை புதிது புதிதாகப் படம் வரைகிறது. கண் இல்லாத இடத்தில் ஒரு கண்ணைக் கற்பனை செய்துகொள்வதுதான் இது. அந்தக் கண்ணை எங்கே வைப்பது, யார் கையில் கொடுப்பது என்பது, முப்பரிமாண விளையாட்டுகள் பெருகத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் பெரிய கேள்வியாக இருந்தது.

அதே 1996-இல் வெளிவந்த ரெசிடென்ட் ஈவில் விளையாட்டில், ஒவ்வோர் அறையிலும் கண்ணைத் தயாரித்தவர்களே ஒரு மூலையில் நிலையாக வைத்துவிட்டார்கள். பின்னணிக் காட்சிகள் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்களாதலால் அதை நகர்த்த முடியாது. திருப்பத்துக்கு அப்பால் என்ன நிற்கிறதோ என்ற அச்சமே அந்த விளையாட்டின் சுவை. இங்கிலாந்தில் உருவாகி அதே ஆண்டில் வந்த டோம்ப் ரெய்டர் விளையாட்டில், லாரா கிராஃப்ட் என்னும் வீரப் பெண்ணின் பின்னாலேயே கண் தானாகத் தொடர்ந்து சென்றது. இவ்விரண்டிலும் 'முன்னே' என்று அழுத்தினால் கதாபாத்திரத்தின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடக்கும். பார்க்கும் திசை மாறினாலும் நடக்கும் திசை மாறாது.

மாரியோவில் அப்படியன்று. 'முன்னே' என்றால் கேமரா பார்க்கும் திசையில் முன்னே என்று பொருள். அந்தக் கேமராவைத் திருப்பும் உரிமையையும் ஆடுபவரிடமே கொடுத்தார்கள். பழைய கைப்பிடியில் அதற்கென்றே நான்கு மஞ்சள் பொத்தான்கள் இருந்தனவாம். 1997-இல் சோனி நிறுவனம் இரண்டு ஜாய்ஸ்டிக் கொண்ட கைப்பிடியைக் கொண்டுவந்தது. இடக்கைக் குச்சியால் நடப்பது, வலக்கைக் குச்சியால் பார்ப்பது என்னும் வழக்கம் அதன்பின் மெல்ல மெல்ல வேரூன்றி, இன்று இவ்வகை விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவாகிவிட்டது.

பார்க்கும் திசை மாறினால் நடக்கும் திசையும் மாறும். இந்த ஒரு விதிதான் எங்கள் வீட்டில் சண்டை மூட்டியது.

ஒரு கோட்டையின் உச்சிக்கு ஏறும் கட்டம். பாதை ஒடுக்கமானது. மூத்தவள் மாரியோவை நேராக நடத்திச் செல்கிறாள். எதிரே என்ன வருகிறது என்று காட்டுவதற்காக இளையவள் கேமராவைச் சற்றே திருப்புகிறாள். அவ்வளவுதான்! அக்காள் அழுத்திக்கொண்டிருந்த 'முன்னே' இப்போது 'பக்கவாட்டில்' ஆகிவிட்டது. மாரியோ தலைகுப்புறக் கீழே!

"நான் ஒழுங்காகத்தானே நடந்தேன்? உன்னை யார் திருப்பச் சொன்னது?"

"திருப்பாவிட்டால் எதிரே வருவது உனக்கு எப்படித் தெரியும், அக்கா?"

விழுந்த ஒவ்வொரு முறையும் பழி இளையவள் மேல்தான். வென்றபோதோ, "நான் ஏறிவிட்டேன்!" என்று மூத்தவள் கூவினாள். 'நாம்' என்ற சொல் வரவில்லை. மூன்றாம் நாள் இளையவள் வலப்பாதியை மேசைமேல் வைத்துவிட்டு, "நீயே பார்த்து நீயே நட" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை.

மூத்தவள் தனியே ஆடிப் பார்த்தாள். அப்போதுதான் வலக்கைக்கு எத்தனை வேலை என்று தெரிந்தது. கேமராவைத் திருப்பும் அதே கட்டைவிரல்தான் குதிக்கும் பொத்தானுக்கும் ஓடவேண்டும். திருப்பிக்கொண்டிருந்தால் குதிக்க முடிவதில்லை. குதித்தால் திருப்ப முடிவதில்லை. பின்புறம் சுவர் வந்துவிட்டால் கேமரா திரும்ப மறுத்து 'பஸ்' என்று ஓசையிடுகிறது. போதாக்குறைக்கு, குச்சியை வலப்பக்கம் தள்ளினால் காட்சி எந்தப் பக்கம் சுழலவேண்டும் என்பதில் ஆளுக்கொரு பழக்கம். இந்தத் தொகுப்பிலேயே முதலில் ஒரு வழக்கம்தான் இருந்தது; அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும் வசதியை 2020 நவம்பரில்தான் சேர்த்தார்கள். தங்கை தன் கைக்கு ஏற்றபடி அமைத்து வைத்திருந்தது அக்காளின் கைக்கு முற்றிலும் எதிராக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மாரியோ விழுந்த கணக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மூத்தவள் தானே போய் அழைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை, வலப்பாதியை நீட்டினாள். இம்முறை ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். திருப்புமுன் "திருப்பப் போகிறேன்" என்று இளையவள் சொல்லவேண்டும். உடனே மூத்தவள் நிற்கவேண்டும். "வா" என்றால் நடக்கவேண்டும். விழுவது நின்றுவிடவில்லை, ஆனால் பழி சொல்வது நின்றுவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு மாலை, அண்ணன் முன்னமே ஆடித் திறந்து வைத்திருந்த மாளிகை மாடிக்குப் போனோம். அங்கே ஓர் அறையில் ஒரு பக்கம் முழுவதும் நிலைக்கண்ணாடி. அதில் மாரியோ தெரிந்தான். அவனுக்குப் பின்னால், ஒரு சிறு மேகத்தின்மேல் அமர்ந்து, தூண்டில் கோலில் கேமராவைத் தொங்கவிட்டபடி இன்னொருவனும் தெரிந்தான்! அவன் பெயர் லாகிட்டு. விளையாட்டின் தொடக்கத்தில் கேமராக்காரனாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். அதன்பின் நாம் ஆடும்போது கண்ணில் படுவதில்லை. இத்தனை நாளும் நாம் பார்த்ததெல்லாம் அவன் காட்டியதே. மாரியோ விழுந்தபோதும் எழுந்தபோதும் உடனிருந்தவன் கண்ணாடியில்தான் தெரிந்தான். அந்த அறையில் அடுத்த உலகுக்குச் செல்லும் ஓவியமும் கண்ணாடியில்தான் தெரிகிறது. நேரே திரும்பிப் பார்த்தால் வெறும் சுவர்.

"காவல் தூதர் மாதிரி இருக்கிறான், இல்லையா அக்கா?" என்றாள் இளையவள். சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில் வேறொன்றும் சொன்னாள்.

மூத்தவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில் அம்மாவுக்கு இரவு வேளைகளில் வயிற்று வலி வந்துகொண்டே இருந்ததாம். "அக்காளிடம் சொல்லாதே, பரீட்சை முடியட்டும்" என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொடுத்ததும், பாத்திரம் துலக்கியதும், வலி அதிகமான ஓர் இரவு அப்பாவை எழுப்பியதும் பன்னிரண்டு வயதுத் தங்கைதான். அக்காளின் அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தியதும் அவளே. அக்காளோ, "இவள் ஏன் காலையில் இப்படித் தூங்குமூஞ்சியாக இருக்கிறாள்?" என்று கடிந்துகொண்டிருந்தாள். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தபோதும், "நான் வாங்கினேன்" என்றுதான் சொன்னாள்.

மூத்தவள் விளையாட்டை நிறுத்திவிட்டாள். அன்று மீதியிருந்த இருபது நிமிடத்தை நாங்கள் ஆடவில்லை. உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் இருபுறமும் உட்கார்ந்துகொண்டோம். "என்னடி இருவரும் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு பாத்திரத்தை மூத்தவள் துலக்கினாள்.

அன்புத் தோழியரே! மேடையில் பரிசு வாங்கும் நாம் படத்தில் தெரிகிறோம். நாம் விழாமல் நடக்க நமக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் படத்தில் தெரிவதில்லை. வீட்டில் அம்மா, அப்பா, உடன்பிறந்தோர்; பள்ளியில் நமக்கு முன்பே எழுந்து, நமக்குப் பின்பே உறங்கும் அருட்சகோதரியர்; விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்யும் அக்காமார். வலப்பாதியை அவர்கள் கையில் விட்டுவிட்டு, இடப்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "நான் நடந்தேன்" என்கிறோம். பார்க்கும் பொறுப்பை நாமும் ஏற்றுப் பழகவேண்டும். அதுவரை நமக்காகப் பார்ப்பவர்களை ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவேண்டும்.

அம்மா இப்போது நலமாக இருக்கிறார், இறைவனுக்கு நன்றி. விளையாட்டுக் கருவி சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டது. இவ்வாண்டு ஊர்த் திருவிழாவில் தேர் வந்தபோது அப்பா வழக்கம்போல் கேமராவை எடுத்தார். "இங்கே கொடுங்கள் அப்பா" என்று வாங்கிக்கொண்டோம். அப்பாவுக்கு எப்படி நிற்பதென்றே தெரியவில்லை. சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அம்மாவின் அருகில் அவர் சிரித்தபடி நிற்கும் அந்தப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதில் நாங்கள் இருவரும் இல்லை.