பீரோவில் இல்லாத காகிதம்

கல்யாணம் நடந்ததற்கு நம் வீடுகளில் அத்தாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. பத்திரிகை இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது, கூறைப் புடைவை இருக்கிறது. இவை அத்தனையும் தொலைந்து போனாலும், "அன்றைக்குப் பாயசத்தில் சர்க்கரை போதவில்லை" என்று இருபது வருஷம் கழித்தும் சாட்சி சொல்ல ஒரு மாமா இருப்பார். ஆனால், அந்தக் கல்யாணம் சட்டப்படி முடிந்து போனதற்கு? அதற்கு ஆல்பம் கிடையாது. மாமாவும் வாய் திறக்க மாட்டார். இருப்பது ஒரே ஒரு காகிதம். அதையும் பீரோவில் வைத்துக்கொள்ள நம் பெண்களுக்கு மனம் வருவதில்லை.

என் அத்தை பெண்ணுக்கும் வரவில்லை. அவள் பெயர் சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு. சென்னையில் கல்யாணமாகிக் கலிபோர்னியாவுக்குப் போனவள். 2012-ல் அங்கேயே விவாகரத்து ஆயிற்று. இருவரும் சம்மதித்து, கோர்ட்டில் கையெழுத்திட்டு, சண்டை இல்லாமல் பிரிந்தார்கள். பிறகு அவளுக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்தது. வீடு மாற்றியபோது தீர்ப்பின் நகலைப் பழைய காகிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். "பாம்பு உரித்த சட்டையை யாராவது பத்திரப்படுத்துவார்களா?" என்பது அவள் கட்சி.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024-ல், கோயமுத்தூரில் மனைவியை இழந்த ஒரு பேராசிரியரை மணந்துகொள்ளச் சம்மதித்தாள். தை மாதம் சென்னையில் பதிவுத் திருமணம் என்று முடிவாயிற்று. பதிவு அலுவலகத்தில் விசாரித்தபோது, "முதல் விவாகம் ரத்தானதற்குக் கோர்ட்டு முத்திரையிட்ட நகல் வேண்டும்" என்றார்கள். நியாயந்தானே? முதல் கல்யாணம் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்கிற எல்லோரையும் நம்பினால், எத்தனை பெண்கள் ஏமாந்து போவார்கள்!

அந்த அக்டோபரில் நான் லீவில் அமெரிக்காவில் இருந்தேன். பத்திரிகைக்காரி என்றால் எந்த ஆபீஸிலும் புகுந்து புறப்படுவாள் என்று உறவுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

முதலில், காகிதம் எங்கே இருக்கிறது? "தலைநகர் வாஷிங்டனில் எல்லாம் பதிவாகி இருக்குமே" என்றார் ஒரு நண்பர். அமெரிக்க மத்திய சர்க்கார் அப்படி ஒரு பேரேடு வைத்துக்கொள்வதே இல்லை. "இப்போது குடியிருப்பது டெக்ஸாஸ்தானே, அங்கே கேள்" என்றார் இன்னொருவர். அதுவும் இல்லை. கல்யாணம் எங்கே நடந்தது, இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்பதெல்லாம் கணக்கே அல்ல. வழக்கு எந்தக் கோர்ட்டில் தாக்கலாயிற்றோ, அங்கேதான் தீர்ப்பு இருக்கும். நம் ஜில்லாவைப் போல அங்கே கவுண்ட்டி என்ற பிரிவு உண்டு; ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் ஒரு கோர்ட்டு. கலிபோர்னியா ராஜ்யத்தின் பொதுச் சுகாதார இலாகாவிலும் கொஞ்சம் பதிவு உண்டு. ஆனால் 1962 முதல் 1984 ஜூன் வரை தாக்கலான வழக்குகளுக்கு மட்டும், அதுவும் ஒரு சின்னச் சான்றுதான். முழுத் தீர்ப்பு வேண்டுமென்றால் கோர்ட்டைத்தான் நாட வேண்டும்.

சுமதியின் வழக்கு நடந்தது ஸாண்டா கிளாரா கவுண்ட்டியில். தபாலிலேயே விண்ணப்பம் அனுப்பலாம். பணமும், சுய விலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்தால் நகல் வந்து சேரும். நாள் குறைவாக இருந்ததால் நேரிலேயே போனோம். ஸான் ஹோஸே நகரில், செயிண்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு எதிரே குடும்ப வழக்குகளுக்கென்றே ஒரு பெரிய கட்டடம். 2016-ல் திறந்தது. அவள் வழக்கு முடிந்தபோது அந்தக் கட்டடமே கிடையாது. அவள் வேண்டாமென்று எறிந்ததைக் கோர்ட்டு மட்டும் விடாமல் கட்டிக் காத்து வந்திருக்கிறது.

விமான நிலையத்தைப் போல வாசலில் சோதனை. உள்ளே வரிசை. வரிசையில் நிற்கும்போது சுமதி என் காதருகே, "இதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாமாமே? பக்கத்து வீட்டுக்காரி கூடவா?" என்றாள்.

வாங்கலாம். கலிபோர்னியாவில் விவாகரத்துக் கட்டின் பெரும்பகுதி பொதுப் பதிவு. வருமான வரிக் கணக்கு, குழந்தை யாரிடம் வளர்வது என்று நிபுணர் தரும் அறிக்கை போன்ற சிலவற்றைத்தான் மறைத்து வைப்பார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களுடைய வக்கீல்களுமே கட்டைப் பார்க்க முடியும். ஊருக்கு ஒரு வழக்கம்!

விண்ணப்பத்தில் கேட்டவை அதிகமில்லை. வழக்கு நம்பர், தெரியாவிட்டால் இருவர் பெயரும், தாக்கலான வருஷமும். பெயர் இப்போதைய பெயர் அல்ல, வழக்குப் போட்டபோது இருந்த பெயர். தன் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள் வாயால் சொல்லாத பெயர், கையால் எழுதாத பெயர்.

"நீயே எழுதிவிடேன். கை வரமாட்டேன் என்கிறது."

"எழுதலாம், அக்கா. ஆனால் இது உன் காகிதம்."

என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு அழுத்தந்திருத்தமாக எழுதினாள்.

ஜன்னலுக்கு அப்பால் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "சாதாரண நகலா, சான்றிட்டதா?" என்று மட்டும் கேட்டாள். சாதாரண நகல் என்றால் பக்கத்துக்கு 50 சென்ட். சும்மா படித்துப் பார்க்கத்தான் அது உதவும். இது அசல் கட்டிலிருந்து எடுத்தது என்று குமாஸ்தா கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் 15 டாலர். முகத்தில் பரிதாபமும் இல்லை, ஏளனமும் இல்லை. ரேஷன் கார்டு கேட்டவளிடம் பேசுகிற மாதிரி பேசினாள். அந்த அலட்சியம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நம்மில் எத்தனை பேருக்கு இந்த வார்த்தையைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல வருகிறது?

காகிதம் கைக்கு வந்தது. அதில் 'டைவோர்ஸ்' என்ற சொல்லையே பெரிதாகக் காணோம். 'டிஸ்ஸொல்யூஷன்' என்றுதான் போட்டிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் நிரூபிக்காமலே பிரியலாம் என்று 1970-ல் அந்த ராஜ்யத்தில் சட்டம் வந்தது முதல் இந்தச் சொல்தான். விவாக பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. சுமதி மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றாள். சின்னக் கட்டம் ஒன்றில் அடையாளம் இட்டிருந்தது. முன்னைய பெயர் அவளுக்குத் திரும்ப அளிக்கப்படுகிறது என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயரும் எங்கள் மாமாவின் பெயரும்.

வக்கீல் கேட்டுப் போட்டிருக்கிறார். இவள் அன்று படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் பாங்கிலும் பாஸ்போர்ட்டிலும் முன்னாள் கணவர் பெயரையே சுமந்துகொண்டிருந்தாள்.

"அப்பா பெயரைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்களாடி?" என்றாள். மாமா இறந்து ஐந்து வருஷமாகிறது. பூங்காவில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை முதல் தடவையாக முழுவதும் படித்தாள். நான் பேசாமல் இருந்தேன்.

வேலை அதோடு முடியவில்லை. ஸான் ஹோஸே குமாஸ்தாவின் கையெழுத்தைச் சென்னையில் யாருக்குத் தெரியும்? அந்தக் கையெழுத்து மெய்தான் என்று ராஜ்யச் செயலாளர் அலுவலகம் மேலே ஒரு சான்று இணைத்துத் தருகிறது. அதற்கு 'அப்போஸ்டில்' என்று பெயர். கட்டணம் 20 டாலர். தலைநகரான ஸாக்ரமெண்டோவுக்குத் தபாலில் அனுப்பி வாங்கினோம். இந்த ஏற்பாட்டில் 2005 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் வீண் சடங்கு என்று நினைக்காதீர்கள். 1991-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. திருப்பதியில் மணந்த ஒருவர், அமெரிக்காவில் மிஸௌரி ராஜ்யத்து ஸெயிண்ட் லூயிஸ் கவுண்ட்டிக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, இங்கே வந்து இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி வழக்குப் போட்டார். அந்த நகலில் கோர்ட்டு குமாஸ்தாவின் சான்று இருந்தது. அங்குள்ள இந்திய சர்க்கார் பிரதிநிதியின் சான்று இல்லை. ஆகவே சாட்சியமாக ஏற்க முடியாது என்றார்கள். அதைவிட முக்கியம், விவாகரத்தே செல்லாது என்றதுதான். நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி மனமொப்பி அந்தக் கோர்ட்டுக்கு உட்படாத நிலையில் வாங்கிய தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. சுமதி விஷயத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு பிரிந்ததால் கவலை இல்லை. ஒரு தரப்பாக வாங்கிய தீர்ப்பானால், அடுத்த அடி வைப்பதற்கு முன் நல்ல வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

தை மாதம் காகிதத்தோடு சுமதி ஊருக்கு வந்தாள். மகள் விஷயத்தைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடும் என் அத்தை, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குச் சரளமாக வராது. கணவர் பெயர் இருந்த வரியை மட்டும் விரலால் தடவினாள். "இத்தனை நாள் இதற்கா வெட்கப்பட்டோம்?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒரு பெண் இருந்தால் இதைச் சொல்லுங்கள். வழக்கு நம்பரையும் கோர்ட்டின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். சான்றிட்ட நகல் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்கட்டும். வாங்கினதை ஒரு தரமாவது முழுக்கப் படிக்கட்டும். துக்கத்தை மறந்துவிடலாம், மறக்கத்தான் வேண்டும். ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்த காகிதத்தைத் துக்கத்தோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டாம்.