பேசாமலே தடுக்கலாம்

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாமாண்டு)

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஐந்து நிமிடம் முடிந்ததும் மணி அடித்து விடுகிறார்கள். மணியடிக்க ஆளில்லாத மன்றமும் உலகில் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்காவின் செனட் சபை. மாநிலத்துக்கு இருவராக 100 பேர் கொண்ட அந்த அவையில், பேச எழுந்த உறுப்பினரை 'போதும், உட்காருங்கள்' என்று சொல்ல நெடுங்காலம் விதியே இருந்ததில்லை. பிடிக்காத மசோதா வந்தால் பேசிக்கொண்டே இருந்து வாக்கெடுப்பை வரவிடாமல் செய்துவிடலாம். இதற்குப் பிலிபஸ்டர் என்று பெயர். கடற்கொள்ளைக்காரனைக் குறித்த பழைய சொல் அது! அவையின் நேரத்தைக் கொள்ளையிடுகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

கணிதம் படிக்கிறவனுக்கு இந்த அரசியல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அதிலுள்ள கணக்குதான் என்னை முதலில் இழுத்தது. 1917-இல்தான் விவாதத்தை முடித்து வைக்க ஒரு விதி செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் பேச்சை முடிக்கலாம். அதற்குப் பிறகும் பேச்சு குறைந்தபாடில்லை. 1935-இல் லூசியானாவின் ஹியூயி லாங் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பேசினார். இடையில் சிப்பியை வறுக்கும் பக்குவத்தையும் விளக்கினார். இதைப் படித்து நான் சிரித்தேன். ஆனால், 1957-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார் என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க்கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று அன்று கேட்பதாக இருந்தது. பெரியவர்கள் சிலர் எழுந்து வாழ்த்திப் பேசினார்கள், பழைய கதை பேசினார்கள், கோயில் கணக்குப் பேசினார்கள். வெயில் ஏற ஏற, நடவுக்குப் போக வேண்டிய பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். எங்கள் முறை வந்தபோது, 'ஆளே இல்லையே, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்றார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் எவரும் இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'அவங்களுக்குப் பொழுது இருக்கு, நமக்கு வேலை இருக்குடா' என்றார். எதிர்த்து ஒரு சொல்கூடச் சொல்லாமலே எங்கள் குழாயைத் தடுத்துவிட்டார்கள்.

செனட்டில் 1964-இல் குடியுரிமைச் சட்ட மசோதாவுக்கு இதே கதி நேர இருந்தது. சுமார் அறுபது நாட்கள் அவையை முடக்கினார்கள். ஜூன் 10-ஆம் நாள் விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பு வந்தது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிலைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டபோது கையை உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ஆம்' என்று வாக்களிக்கும் சொல்லும், கண்ணும் ஒலியில் ஒன்றே: 'ஐ'. 71-க்கு 29. கறுப்பின மக்களின் உரிமைக்கான மசோதா ஒன்றில் விவாதத்தை முடித்து வைக்க முடிந்தது அதுவே முதல் முறை. அடுத்த மாத இறுதியில் எங்கில் மறைந்தார். பேச்சாலேயே நாட்களைக் கொன்ற அவையில் பேச முடியாத அந்த மனிதரின் வாக்கை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

இனிதான் கணக்கு. 1975-இல் மூன்றில் இரண்டை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். தளர்த்தியதுபோல் தோன்றும். ஆனால் முன்பு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு; 75 பேர் வாக்களித்தால் 50 போதும். ஆகவே தடுப்பவர்களும் அவைக்கு வந்தாக வேண்டும். புதிய விதியோ மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று என்கிறது. 59 பேர் வந்து ஆதரித்து, எதிர்ப்பவர் ஒருவர்கூட வராவிட்டாலும் விவாதம் முடியாது! போதாக்குறைக்கு, ஒரு மசோதா தடைப்பட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறு அலுவலைக் கவனிக்கும் வழக்கமும் எழுபதுகளில் வந்துவிட்டது. தர்மண்டாவது கால் கடுக்க நின்றார். இப்போது நிற்கவும் வேண்டாம்.

சிறுபான்மையினரின் குரலுக்கு இடம் வேண்டாமா என்றால், வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. 2025-இல் கறுப்பினத்தவரான கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் நின்று பேசித் தர்மண்டின் சாதனையை முறியடித்தார். அது எந்த மசோதாவையும் தடுக்க அல்ல. தம் எதிர்ப்பைச் சொல்ல. நிற்கிறவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். வீட்டிலிருந்தபடி தடுப்பவருக்கு அந்த மரியாதை எதற்கு?

இரு கட்சிகளும் தமக்கு வேண்டியபோது விதியை வளைத்தே இருக்கின்றன. 2013-இல் ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலான பதவி நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றார்கள். 2017-இல் குடியரசுக் கட்சியினர் அதை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்துக்கும் நீட்டினார்கள். மசோதாக்களுக்கு மட்டும் அந்த 60 அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு மசோதாவுக்காவது, தடுப்பவர்கள் நின்று பேசித்தான் தடுக்க வேண்டும் என்று விதியை மாற்ற 2022 ஜனவரியில் முயன்றார்கள். 48-க்கு 52 என்று அந்த முயற்சி தோற்றது. அந்த மசோதாவும் வாக்குரிமை பற்றியதுதான்.