டில்லி கெட்டில்: கடல் கடந்து வந்த தூரிகை

இந்தியாவுக்கு வந்து தொழில் செய்த பெயர்பெற்ற ஆங்கில உருவப்பட ஓவியர்களில் முதலாமவர் டில்லி கெட்டில். 1735-இல் லண்டனில் பிறந்தார். தந்தை வர்ணம் பூசும் தொழிலாளி. வில்லியம் ஷிப்லியின் பள்ளியில் கெட்டில் வரையக் கற்றார். அன்றைய லண்டனில் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் புகழ் ஓங்கியிருந்தது. வசதி படைத்தோர் அவரையே நாடினர். வேறு இடம் தேடிய கெட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியுடன் கப்பலேறி 1769-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த வேளை நல்ல வேளை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் புது அரண்மனை எழுப்பிக் குடியேறியிருந்தார். கம்பெனியாரிடம் கடன்பட்டு அதிகாரம் குறைந்து வந்த அவருக்குத் தம் அரச கௌரவத்தை ஆங்கிலேயர் கண்முன் நிறுத்தும் தேவை இருந்தது. அதற்கு ஆளுயர எண்ணெய் வண்ணப் படம் கைகொடுத்தது. நவாபையும் அவர் மைந்தர்களையும் கெட்டில் தீட்டினார். வெள்ளை மஸ்லின் உடையின் மென்மையையும் நவாபின் முகத்திலிருந்த கம்பீரத்தையும் ஒருசேரக் காட்டியது அவர் கைத்திறன்.

சுமார் இரண்டு ஆண்டுகள் சென்னையில் இருந்தபின் வடக்கே சென்றார். ஃபைசாபாத்தில் அவத் நவாப் ஷுஜா உத் தௌலாவை வரைந்தார். அந்தப் படங்களைப் பார்த்து மிஹிர் சந்த் போன்ற உள்நாட்டு ஓவியர்கள் சிற்றோவியப் பிரதிகள் செய்தனர். கல்கத்தாவில் கம்பெனி ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸையும் தீட்டினார். 1776-இல் பெரும்பொருளுடன் லண்டன் திரும்பினார்.

அங்கே அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. இந்தியாவில் அரசர்கள் தேடிய ஓவியர், லண்டனில் பலரில் ஒருவரானார். கடனில் மூழ்கித் திவாலாகி, டப்ளினிலும் பிழைப்புத் தேடினார். 1786-இல் தரைவழியாக மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அலெப்போ வரை வந்தது தெரிகிறது. இந்தியாவை எட்டுமுன் வழியிலேயே இறந்தார்.

கெட்டில் திறந்த வழியில் ஜார்ஜ் வில்லிசன், தாமஸ் ஹிக்கி, ஜார்ஜ் சின்னரி எனப் பலர் சென்னைக்கு வந்தனர். எண்ணெய் வண்ண உருவப்படம் அரசவைகளின் வழக்கமாயிற்று. 1868-இல் ஓவியர் தியோடர் ஜென்சன் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது, அவர் தீட்டும் முறையைக் கூர்ந்து கவனித்த இளைஞர் ரவிவர்மா அந்தக் கலையைத் தமதாக்கிக்கொண்டார்.

இக்கலை பரவியதைக் கொச்சியிலும் காணலாம். அங்குள்ள மட்டாஞ்சேரி அரண்மனையில், முடிசூட்டு மண்டபமாக இருந்த கூடத்தில் 1864 முதல் ஆண்ட கொச்சி அரசர்களின் படங்கள் வரிசையாக உள்ளன. மேலைநாட்டு முறையில் அவற்றைத் தீட்டியவர்கள் உள்ளூர் ஓவியர்களே. அரசர்களை அவர்தம் மண்ணின் ஓவியர்களே தீட்டும் அளவுக்கு, அந்நியர் கொண்டுவந்த கலை காலப்போக்கில் இங்கே வேரூன்றிவிட்டது. அந்த அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களைக் காணச் செல்வோர் இப்படங்களின் முன்னும் சற்று நேரம் நிற்க வேண்டும். இரண்டும் கேரளத்தின் கலைச் செல்வமே.