இடக்கரடக்கல்

நன்னூல் வகுப்பில் தகுதி வழக்கு நடத்தும்போது, இடக்கரடக்கலுக்குக் 'கால் கழுவி வந்தான்' என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது நம் மொழியின் நாகரிகம் என்று பெருமையோடு முடிப்பேன். பெரியம்மாவின் நோய்க்குப் பிறகு அந்தப் பெருமை குறைந்துவிட்டது.

முதலில் 'சூடு' என்றார் பெரியம்மா. இளநீர் வாங்கிக் கொடுத்தோம். பிறகு 'நீர்க்கடுப்பு' என்றார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். மாதவிலக்கு நின்று பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புடவையில் இரத்தக்கறை கண்டதை எட்டு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்ட அன்றுதான் மருத்துவமனைக்குப் போனோம். "எந்த இடத்தில் அம்மா எரிகிறது?" என்று மருத்துவர் கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். தமிழில் முதுகலை படித்த நான் தலைகுனிந்து நின்றேன்.

சிறுநீர்த்தாரையில் புற்று. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் அந்தக் குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. நீளம். அங்கே புற்று வருவது மிக அரிது. செதிள் செல்லில் தோன்றுவது, சிறுநீர்ப்பையின் உட்படலம் போன்ற செல்லில் தோன்றுவது, சுரப்பிச் செல்லில் தோன்றுவது என அது மூவகைப்படும். சுரப்பி வகை ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்களுக்கு நெடுநாள் சிறுநீர்ப்பாதைச் சுருக்கம் இருந்தால் அதன் பின்னே இது மறைந்திருக்கக்கூடும்.

உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தே உறுதி செய்கிறார்கள். வெளிவாயருகே மேலோட்டமாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றுவதோ கதிர்வீச்சோ போதுமானதாகலாம். ஆழமாகப் பரவியிருந்தால் மருந்தேற்றிப் பின்னர் அறுவை. அப்போது பெண்களுக்குத் தாரையோடு சிறுநீர்ப்பையும் போகலாம். ஆண்களுக்கு ஆண்குறியின் ஒரு பகுதியோ முழுமையுமோ போகலாம்.

பெரியம்மாவுக்குச் சிறுநீர்ப்பையும் போயிற்று. இப்போது வயிற்றில் ஒட்டிய பையில் சிறுநீர் சேர்கிறது. "முன்னரே வந்திருந்தால் ஒருவேளை சிறுநீர்ப்பையைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் மருத்துவர். அந்த 'ஒருவேளை' இன்னும் என்னை உறங்கவிடுவதில்லை.

அடுத்த ஆண்டும் இடக்கரடக்கல் நடத்தினேன். அதே எடுத்துக்காட்டுதான். முடிவில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: "இது அவைக்கு உரிய வழக்கு. சிறுநீரில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் அம்மாவிடமும் பாட்டியிடமும் இதைச் சொல்லுங்கள்." வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.