முற்றம் வைத்த வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போய், தெல்லிப்பழை தாண்டி வடகிழக்காகக் கடற்கரைப் பக்கம் போனால் மயிலிட்டி. 1990 ஜூனில் இடம்பெயர்ந்த ஊர். துறைமுகத்தை அண்டிய காணிகள் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டன. பெரியம்மா திரும்பி வந்தபோது மிஞ்சியிருந்தவை கிணறும் அத்திவாரமும்தான். அதற்குள் நீரிழிவு அவருடைய கண்பார்வையையும் பெரும்பாலும் எடுத்துவிட்டது.

புது வீடு கட்டும்போது தாய்க்கும் மகனுக்கும் இழுபறி. அண்ணா பெரிய ஹோல், வழுக்கும் மாபிள், அலுமினிய ஜன்னல் என்று படம் கீறி வைத்திருந்தார். பெரியம்மா கேட்டது நடுவில் ஒரு முற்றம்.

"முற்றம் விட்டால் ஒரு அறை குறையுமம்மா."

"மழை விழுற சத்தம் கேட்டால் நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி."

பழைய நாற்சார் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்தால் மேலெழும்ப, அறைகளுக்குள் காற்று ஓடும். ஓட்டிலிருந்து வடியும் நீர், வெயிலில் காயும் ஒடியலின் வாசம், எல்லாம் அங்கேதான். கொழும்பில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய பேர்பெற்ற வீடும் முற்றத்தைச் சுற்றியதே. எங்கள் கிழவிமாருக்கு அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை!

கடைசியில் முற்றம் வந்தது, பத்தடிக்கு எட்டடி. அறைக்குள் வழுவழுப்பான சிவப்புச் சீமெந்து, முற்றத்து ஓரம் முழுக்கச் சொரசொரப்பு. காலே எல்லையைச் சொல்லிவிடும். படி எதுவும் இல்லை, சிறு சரிவுதான். குசினி வாசலில் கறிவேப்பிலை, சாமியறைப் பக்கம் மல்லிகை. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட வேண்டாமென்று கட்டளை. அது கிறீச்சிட்டால்தான் திசை தெரியுமாம். விறாந்தை வடக்குப் பார்த்தது, அங்கே கடல் இரைவது கேட்கும். உப்புக்காற்றில் இரும்பு கறள் பிடிக்கும் என்பதால் கூரைக்கு வைரம் பாய்ந்த பனைமரம், மேலே ஓடு. அஸ்பெஸ்டஸ் சீற் மலிவுதான், ஆனால் சித்திரை மத்தியானம் அதற்குக் கீழே இருந்து பார்த்தவர்கள் விலையைப் பேசமாட்டார்கள்.

இவற்றில் பலவற்றுக்கு அதிக செலவில்லை என்பதைக் கவனியுங்கள். சொரசொரப்புத் தரைக்கு மேசனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், படம் கீற முன்னர் அவர்களை வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பாருங்கள். எங்கே கையூன்றுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

அண்ணாவுக்கு அறை குறைந்த மனக்குறை இன்னும் இருக்கிறது. ஆனால் இரவில் அவருடைய பாய் விரிவது முற்றத்துத் தாழ்வாரத்தில்தான். சங்கடப்படலைக்குக் காசு சேரவில்லை. வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பானை எங்கே வைப்பதென்று மட்டும் பெரியம்மா சாணால் அளந்து வைத்திருக்கிறார்.