திரையில் திருமணம், நேரில் வாழ்க்கை

நான் டல்லாஸில், அவர் கோயம்புத்தூரில். எங்கள் கல்யாணப் பதிவு வீடியோ அழைப்பில் நடந்தது. அமெரிக்காவின் யூட்டா கவுண்டியில் 2020 முதல் இந்த வசதி உண்டு. மணமக்கள் அங்கே போக வேண்டியதில்லை. சான்றிதழும் மின்னஞ்சலிலேயே வந்துவிட்டது.

"ஒரே ஊர்ல கூட இல்லாம, இதுக்குப் பேரு கல்யாணமா கண்ணு?" என்றார் அம்மா.

குடிவரவுச் சட்டமும் அம்மா கட்சிதான். மணநேரத்தில் இருவரும் ஒரே இடத்தில் இல்லையென்றால், அதன்பின் நேரில் சேர்ந்து தாம்பத்தியம் தொடங்கினால்தான் விசாவுக்கு அந்தத் திருமணம் செல்லும். நான்கு மாதம் சான்றிதழ் கையில். விசா கணக்கில் நான் மனைவி இல்லை. லீவு கிடைத்துக் கோவை போய்வந்த பிறகே மனு போட்டோம். டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் ஆதாரம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டால், தடுக்க வேண்டாம். "அடுத்து எப்போ நேர்ல பார்க்கப் போறீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.