தங்கவயலின் தூரத்து உறவுகள்

சுரங்கம் மூடிய ஊர்களுக்கு உலகெங்கும் ஒரே முகஜாடை. ஆனால் பழைய கணக்கைத் தீர்க்கும் விதம் ஊருக்கு ஊர் வேறு.

ஜோகன்னஸ்பர்க் நகரின் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது சாலையோரம் ஒரு மஞ்சள் மேடு தெரிந்தது. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தட்டையான உச்சி, மழை அரித்த சரிவுகள், அங்கங்கே காய்ந்த புல். மொழிபெயர்ப்பாளர் கூட்டம் ஒன்றுக்காக 2018இல் முதல் முறையாக ஆப்பிரிக்கா வந்தவன், சிங்கத்தையும் யானையையும் விட்டுவிட்டு ஒரு கழிவு மண் மேட்டைப் படமெடுப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "எங்கள் ஊரிலும் இது உண்டு" என்றேன். "தங்கச் சுரங்கமா? இன்னும் ஓடுகிறதா?" என்று சரியான கேள்வியைக் கேட்டார் அவர்.

ஓடவில்லை. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த ஊர் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. என் அப்பா அதில் 27 வருஷம் வேலை பார்த்தவர். மூடியபோது நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஷிப்டுக்கு ஊதும் சங்கு நின்றுபோனதால், அம்மாவுக்கு எத்தனை மணிக்கு உலை வைப்பது என்பதே சில வாரங்கள் பிடிபடவில்லை.

எங்கள் ஊரை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு பதில் தயாராக இருந்தது. 'சின்ன இங்கிலாந்து.' குளிர்ந்த காற்று, கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயங்கள், தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இலேயே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெரிய நகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. ஆனால் இந்த இங்கிலாந்து பங்களா வாசலிலிருந்து பார்த்தால்தான் தெரியும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தொழிலாளிகளுக்கு, பெரும்பாலும் தலித்துகளுக்கு, கிடைத்தது மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறை 'லைன்' வீடு. அந்த வாசலிலிருந்து பார்த்தால் ஊர் வேறு ஜாடையில் இருக்கும். அந்த ஜாடையைத்தான் நான் ஜோகன்னஸ்பர்க்கில் பார்த்தேன்.

மேடும் தூசியும்

அந்த மஞ்சள் மேடுகள் உருவாகும் விதம் எளிமையானது. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் கழிவைக் கொட்டிக்கொண்டே போவார்கள். தங்கவயலில் இப்படிச் சேர்ந்தது மூன்று கோடி டன்னுக்கு மேல். எங்களுக்கு அது 'சயனைட் மேடு'. சிறுவயதில் அட்டையை வைத்துச் சறுக்கி விளையாடியிருக்கிறோம். கோடையில் காற்று திரும்பினால் துணி, சோறு, கண் எல்லாவற்றிலும் அந்த மண்தான். சோவெட்டோவில் ஒரு பாட்டி, மேட்டுப் பக்கத்து ஜன்னலை ஆகஸ்டில் திறக்கவே மாட்டேன் என்றார். மாதம்தான் வேறு.

இரண்டு ஊருக்கும் இன்னொரு உறவு உண்டு. அது பலருக்கும் தெரியாது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களை உலகம் முதன்முதலில் கண்டறிந்தது 1965இல், இரண்டே இடங்களில். ஒன்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த பாக்ஸ்பர்க் தங்கச் சுரங்கம். மற்றது எங்கள் ஊர். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே கருவிகளை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆழம். அந்த ஆழத்தைத் தோண்டிக் கொடுத்தவர்களில் பலர் கைநாட்டுக்காரர்கள்.

ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் லெசோத்தோ, மொசாம்பிக் என்று தூரத்திலிருந்து ஆண்களை மட்டும் வரவழைத்து, கொட்டடிகளில் அடைத்து, ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பி அனுப்பின. தங்கவயலில் குடும்பத்தோடு குடியேறினார்கள். மூன்று, நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. கோயில், மாதா கோயில், பௌத்த சங்கம் எல்லாம் எழுந்தன. அயோத்திதாசரின் இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் மறைந்த பிறகு, நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழ் 1920களில் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வந்தது. ஆகவே சுரங்கம் மூடியபோது "ஊருக்குத் திரும்பிப் போவது" என்ற பேச்சுக்கே எங்களிடம் இடமில்லை. எந்த ஊருக்கு? தமிழ்நாட்டில் எங்களைக் கர்நாடகக்காரர்கள் என்கிறார்கள். கர்நாடகத்தில் தமிழர்கள் என்கிறார்கள்.

கார்ன்வால் பெரியப்பா

ஜோகன்னஸ்பர்க் உடன்பிறந்தவன் என்றால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் எங்களுக்குப் பெரியப்பா முறை. 1880இல் தங்கவயலைக் கையில் எடுத்து 1956 வரை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். அந்தக் குடும்பம் தொழில் பழகியது கார்ன்வால் பகுதியின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில். அங்கே தொழில் நொடித்தபோது கார்ன்வால் தொழிலாளிகள் உலகெங்கும் கிளம்பிப் போனார்கள். எங்கே பூமியில் ஓட்டை இருக்கிறதோ அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். தங்கவயலில் அவன் 'கேப்டன்' ஆக, மேஸ்திரிகளுக்கு மேஸ்திரியாக இருந்தான்.

அடுத்த வருஷம் லண்டன் போனபோது, ரயில் பிடித்து கேம்போர்ன் வரை போய்வந்தேன். கல்லில் கட்டிய எஞ்சின் வீடுகள் புகைபோக்கியோடு மேட்டுக்கு மேடு நிற்கின்றன. உள்ளே எஞ்சின் இல்லை, காக்கைகள் இருந்தன. ஐரோப்பாவின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998இல் மூடப்பட்டது. எங்களுக்கு மூன்று ஆண்டு முன்னதாக. டீக்கடை மாதிரியான ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்த முதியவர், மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டதைச் சொன்னார். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் கேட்பது போலவே இருந்தது.

ஆனால் பெரியப்பாவுக்குச் செல்வாக்கு உண்டு. கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. சவுத் கிராஃப்டியை மறுபடி திறக்க 2023இல் அடியில் தேங்கிய நீரை இறைக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு கிளை மெக்சிகோவில் இருக்கிறது. அதே ஜான் டெய்லர் 1824இல் ரியல் டெல் மான்டே வெள்ளிச் சுரங்கத்துக்குக் கம்பெனி தொடங்கி கார்ன்வால் ஆட்களை அனுப்பினார். கால் நூற்றாண்டில் கம்பெனி கைமாறிப் போனது. ஆனால் அவர்கள் கொண்டுபோன, உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த 'பேஸ்டி' அங்கேயே தங்கி, மிளகாய் சேர்த்துக்கொண்டு 'பாஸ்தே' ஆகிவிட்டது. அதற்கு வருடாந்தரத் திருவிழாவே நடக்கிறது. கார்ன்வாலின் ரெட்ரூத்தும் ரியல் டெல் மான்டேயும் இன்று சகோதர நகரங்கள். மூன்றாவது உடன்பிறப்பைப் பந்திக்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் கேள்வி

ஊர் திரும்பியதும் படங்களை அப்பாவிடம் காட்டினேன். ஜோகன்னஸ்பர்க்கில் மேடுகளைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து, மிஞ்சிய தங்கத்தை எடுக்கிறார்கள். பல மேடுகள் காணாமலே போய்விட்டன என்று விளக்கினேன். உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மண்ணுல இருக்கிற தங்கத்தை எடுத்துட்டாங்க, சரி. நெஞ்சுல இருக்கிற மண்ணை என்ன பண்ணாங்கப்பா?"

இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் விரிவாக ஆராயப்பட்டதே தங்கவயலில்தான். 1940களில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளிகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் நுரையீரலில் பாறைத்தூள் படிந்திருந்தது. அப்பாவுக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவருடைய சாயங்கால அரட்டைக் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். இன்று மூன்று பேர்.

அப்பாவின் கேள்விக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பதில் இருந்தது. சிலிகோசிஸ் வந்த சுரங்கத் தொழிலாளிகள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில், ஆறு கம்பெனிகள் சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீடு தரும் உடன்பாட்டை அந்த நகரின் உயர் நீதிமன்றம் ஏற்றது. 1965 முதல் வேலை பார்த்தவர்களுக்கும், இறந்துபோனவர்களின் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பணம் மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது. காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. ஆனாலும் நோய்க்கு ஒரு பெயரும் விலையும் பொறுப்பாளியும் உண்டென்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

தென்னாப்பிரிக்காவைப் புனிதப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள ஸ்டில்ஃபான்டெய்னில், கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடி இறங்கியவர்களை வெளியே கொண்டுவர, போலீஸ் மேலிருந்து சோறு தண்ணீரை மறித்தது. 2025 ஜனவரியில் அங்கிருந்து 78 பிணங்களை எடுத்தார்கள். 2020 மே மாதம் மாரிக்குப்பத்திலும் மூடிய சுரங்கத்துக்குள் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். வேலை போன ஊரில் சுரங்கம் மட்டும் ஆட்களை இன்னும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று தங்கவயலைத் தேடி வருபவர்கள் பலர் சினிமா பார்த்துவிட்டு வருகிறார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தின் செட் சயனைட் மேட்டில்தான் போடப்பட்டது. படத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது அல்ல என்றாலும் செல்ஃபி எடுக்க அது போதும். 2024இல் வந்த 'தங்கலான்' எங்கள் பாட்டன் முப்பாட்டன்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனில், மேடுகளிலிருந்து மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது. ஜோகன்னஸ்பர்க் போன வழியில் நாமும் போகலாம். முழு வழியும் போவோமா என்பதுதான் கேள்வி.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிரம்பிக்கொண்டே போகிறது. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல். சுரங்கங்களின் பெயர்கள் இப்போது நிறுத்தங்களின் பெயர்கள். அப்பன் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் போய்வந்தான். பிள்ளை தரைமேல் நூறு கிலோமீட்டர் போய் வருகிறான். செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து, தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை எடுத்தார். துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "மேட்டைக் கரைக்க ஆபீஸ் திறந்தா, இதைக் காட்டி ஒரு வார்த்தை கேளு" என்றார். "வேலைக்கு இல்ல. கணக்குக்கு."